தோலின் மேல் விழும் ஒளி: 'நரம்பு' காட்டும் கருவியை எவ்வளவு நம்பலாம்?

"மிசி, அந்தக் கையில ஏற்கெனவே ரெண்டு தடவை குத்திட்டாங்க. இந்தக் கையில பாருங்களேன்."

ரத்தப் பரிசோதனைக்குப் போய் வந்த யாருக்கும் இந்தப் பேச்சு புதிதல்ல. கையை இறுக்கிக் கட்டி, விரல்களை மடக்கச் சொல்லி, முழங்கை மடிப்பைத் தட்டித் தட்டிப் பார்த்தாலும் சிலருக்கு 'நரம்பு' அகப்படாது. வயதானவர்கள், கைக்குழந்தைகள், உடல் பருமன் உள்ளவர்கள், உடம்பில் நீர் வற்றிப் போனவர்கள், அடிக்கடி ஊசி போட்டுப் போட்டு ரத்தக்குழாய் கெட்டுப் போனவர்கள் எல்லாரும் இந்தப் பட்டியலில் வருவார்கள்.

இப்படிப்பட்டவர்களுக்காகச் சில மருத்துவமனைகளில் ஒரு சிறு கருவியை எடுத்து வருவார்கள். பார்ப்பதற்குக் கைவிளக்கு மாதிரி இருக்கும். அதைக் கைக்கு மேலே பிடித்தால் தோலின் மேல் பச்சையாகவோ சிவப்பாகவோ ஒரு சதுர வெளிச்சம் விழும். அந்த வெளிச்சத்துக்குள் ரத்தக்குழாய்கள் மரக்கிளை போல் கறுப்புக் கோடுகளாகத் தெரியும். கையை நகர்த்தினால் கோடுகளும் கூடவே நகரும்.

பார்ப்பவர்களுக்கு இது எக்ஸ்ரே மாதிரித் தோன்றும். ஆனால் இது எக்ஸ்ரே இல்லை. கதிரியக்கமும் இல்லை. பெரிய மருத்துவமனைகளில் முதுகெலும்பு, கல்லீரல் அறுவை சிகிச்சைகளுக்கு வழிகாட்டும் 'ஆக்மென்டட் ரியாலிட்டி' தொழில்நுட்பத்தின் எளிய உறவுக்காரன் இது.

இந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது? நம்மைப் போன்ற மாநிறத் தோலிலும் கருத்த தோலிலும் சரியாகக் காட்டுமா? வெளிச்சம் காட்டும் இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு ஊசியையோ கத்தியையோ வைத்துவிடலாமா?

ஆக்மென்டட் ரியாலிட்டி என்றால் என்ன?

நிஜமாகக் கண்முன் இருக்கும் பொருளின் மேல், கணினி உருவாக்கிய படத்தைச் சரியான இடத்தில் பொருத்திக் காட்டுவதுதான் ஆக்மென்டட் ரியாலிட்டி. கைபேசியில் முகத்தின் மேல் பூனைக் காது ஒட்டிக் காட்டும் விளையாட்டும் அதே வகைதான்.

மருத்துவத்தில் இதன் தேவை பழையது. எக்ஸ்ரே வந்த நாளிலிருந்து மருத்துவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. படம் ஓரிடத்தில் இருக்கும், நோயாளியின் உடம்பு இன்னோரிடத்தில் இருக்கும். மருத்துவர் திரையைப் பார்த்து மனத்தில் பதிய வைத்துக்கொண்டு, பிறகு உடம்பின் பக்கம் திரும்பி, "இது இங்கேதான் இருக்கும்" என்று கணக்குப் போட வேண்டும். அந்தக் கணக்கைக் குறைப்பதுதான் இந்தத் தொழில்நுட்பத்தின் வேலை.

1986ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் டார்ட்மவுத்தில் ஒரு குழு, மூளை அறுவை சிகிச்சைக்குப் பயன்படும் நுண்ணோக்கிக்குள் ஸ்கேன் படத்தைச் சேர்த்துக் காட்டும் முறையை வெளியிட்டது. 1992இல் வட கரோலினா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தலையில் மாட்டும் திரை வழியாக, கர்ப்பிணியின் வயிற்றின் மேலேயே அல்ட்ராசவுண்ட் படம் தெரியும்படி செய்து காட்டினார்கள்.

இன்று இதற்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, மருத்துவர் சிறப்புக் கண்ணாடி மாட்டிக்கொள்வது. அந்தப் படம் அவர் கண்ணுக்கு மட்டும் தெரியும். இன்னொன்று, புரொஜெக்டர் மூலம் படத்தை நேராக உடம்பின் மேலேயே விழச் செய்வது. இதில் யாரும் கண்ணாடி மாட்ட வேண்டாம். அறையில் இருக்கும் மருத்துவர், மிசி, நோயாளி எல்லாரும் ஒரே படத்தைப் பார்ப்பார்கள். ரத்தக்குழாய் காட்டும் கருவி இந்த இரண்டாவது வகை.

தோலுக்கு அடியில் இருப்பது எப்படித் தெரிகிறது?

வீட்டிலேயே ஒரு சின்னச் சோதனை செய்து பார்க்கலாம். தொலைக்காட்சி ரிமோட்டின் முனையைக் கைபேசி கேமராவுக்குக் காட்டி ஒரு பட்டனை அழுத்துங்கள். பல கைபேசிகளில், குறிப்பாக செல்ஃபி கேமராவில், ஒரு வெளிச்சம் மினுக்குவது தெரியும். உங்கள் வெறும் கண்ணுக்கு அது தெரியாது. அதுதான் அகச்சிவப்பு ஒளி. நம் கண்ணுக்குத் தெரியும் சிவப்புக்கு அடுத்து இருப்பது.

இந்த ஒளிக்கு இரண்டு குணங்கள் உண்டு. ஒன்று, தோலையும் அதற்கு அடியில் இருக்கும் கொழுப்பையும் தாண்டி சில மில்லிமீட்டர் வரை உள்ளே போகும். இரண்டாவது, ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபின் அந்த ஒளியை விழுங்கிக்கொள்ளும். சுற்றியுள்ள தசையும் கொழுப்பும் அவ்வளவாக விழுங்காமல் திருப்பி அனுப்பிவிடும்.

ஆகவே கருவி செய்வது இதுதான்:

முதலில், கையின் மேல் அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சுகிறது.

இரண்டாவதாக, திரும்பி வரும் ஒளியை ஒரு கேமராவோ உணரியோ பதிவு செய்கிறது. ரத்தக்குழாய் இருக்கும் இடத்தில் ஒளி குறைவாகத் திரும்புவதால் அந்த இடம் இருட்டாகப் பதிகிறது.

மூன்றாவதாக, உள்ளே இருக்கும் கணினி அந்த இருட்டுக் கோடுகளை இன்னும் தெளிவாக்குகிறது.

நான்காவதாக, அதே படத்தை நம் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமாக மாற்றி, எடுத்த இடத்திலேயே திருப்பி வீசுகிறது.

இதெல்லாம் ஒரு வினாடிக்குள் பல தடவை நடக்கும். அதனால்தான் கை அசைந்தாலும் படம் கூடவே வருகிறது.

அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில், டென்னசி பல்கலைக்கழகத்தின் ஹெர்பர்ட் சீமன் என்ற விஞ்ஞானியின் ஆய்விலிருந்து 'வெயின்வியூவர்' என்ற கருவி உருவானது. பிறகு கையில் பிடிக்கும் அளவுக்குச் சிறிய 'அக்யூவெயின்' போன்ற கருவிகளும் சந்தைக்கு வந்தன.

பேச்சில் 'நரம்பு' என்று சொன்னாலும், இந்தக் கருவிகள் காட்டுவது உணர்ச்சி நரம்பை அல்ல. தோலுக்குச் சற்றே கீழே ஓடும் சிரை எனப்படும் ரத்தக்குழாயைத்தான். நாடி துடிக்கும் தமனிகள் பெரும்பாலும் இன்னும் ஆழத்தில் இருப்பதால் அவை தெரிவதில்லை.

கருத்த தோலில் வேலை செய்யுமா?

நம் வீடுகளில் எழும் முதல் கேள்வி இதுதான். "சீனவங்களுக்கு நரம்பு பச்சையா வெளியவே தெரியுது, நமக்கு எங்க தெரியுது?" என்று சொல்வதைக் கேட்டிருப்போம். அதில் உண்மை இருக்கிறது. தோலுக்கு நிறம் தரும் மெலனின் கண்ணுக்குத் தெரியும் ஒளியை நன்றாக விழுங்கிவிடும். அதனால் கருத்த தோலில் வெறும் கண்ணால் ரத்தக்குழாயைப் பார்ப்பது கஷ்டம். அகச்சிவப்பு ஒளியை மெலனின் அவ்வளவு விழுங்குவதில்லை. ஆனால் கொஞ்சம்கூட விழுங்காது என்று சொல்லிவிடவும் முடியாது.

இந்தக் கேள்வியை நேராக எடுத்து ஆராய்ந்தவர்கள் வேறெங்கோ இல்லை, நம் பேராக் மாநிலத்திலேயே இருந்தார்கள். ஈப்போவுக்குத் தென்மேற்கே, செரி இஸ்கண்டாரில் இருக்கும் பெட்ரோனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஆமிர் ஷாசாத் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2014இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 80 பேரின் படங்களைப் பல அலைநீளங்களில் எடுத்து, தோல் நிறத்தை வைத்து அவர்களை 4 வகையாகப் பிரித்தார்கள். 750 முதல் 950 நானோமீட்டர் வரையுள்ள அகச்சிவப்பு ஒளியை 50 நானோமீட்டர் இடைவெளிகளாகப் பகுத்து, எந்தப் பகுதியில் ரத்தக்குழாய் படம் நன்றாக வருகிறது என்று ஒப்பிட்டார்கள்.

அவர்கள் கண்ட முடிவு: 4 வகைத் தோலுக்கும் 800 முதல் 850 நானோமீட்டர் வரையுள்ள ஒளிதான் சிறந்த படம் தருகிறது.

மலாய்க்காரர், சீனர், இந்தியர், ஓராங் அஸ்லி என்று பல நிறத்தவர் ஒரே மருத்துவமனை வரிசையில் உட்காரும் நாடு இது. ஆளுக்கு ஒரு கருவி வைக்க முடியாது. எல்லாருக்கும் பொருந்தும் ஒரே ஒளி எது என்று தெரிந்துகொள்வது அதனால்தான் முக்கியம்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த ஆய்வு அளந்தது படத்தின் தரத்தை. ஊசி ஒரே குத்தில் இறங்கியதா என்பதை அல்ல. நல்ல படம் வேறு, நல்ல சிகிச்சை வேறு.

தோல் நிறத்தைக் கணக்கில் எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கோவிட் காலத்தில் உலகம் ஒரு பாடம் படித்தது. விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கும் ஆக்சிமீட்டரும் சிவப்பு, அகச்சிவப்பு ஒளியில்தான் வேலை செய்கிறது. 2020 டிசம்பரில் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், உண்மையில் ஆக்சிஜன் குறைந்திருந்தும் கருவி 'நன்றாக இருக்கிறது' என்று காட்டிய தவறு, வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறக்குறைய 3 மடங்கு அதிகமாக இருந்தது தெரியவந்தது. ஒளியை வைத்து அளக்கும் எந்தக் கருவியும் எல்லாத் தோலிலும் சோதிக்கப்பட வேண்டும் என்பதற்கு அது ஒரு எச்சரிக்கை.

கருவி இருந்தால் ஒரே குத்தில் கிடைத்துவிடுமா?

"மெஷின் இருக்குல்ல, அப்புறம் என்ன?" என்று கேட்கத் தோன்றும். ஆய்வுகள் சொல்லும் பதில் அவ்வளவு எளிதாக இல்லை.

குழந்தைகளுக்கு டிரிப் ஏற்ற அகச்சிவப்புக் கருவி உதவுகிறதா என்று பார்த்த பல ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்து அலசிய ஓர் ஆய்வறிக்கை 2016இல் வெளியானது. எல்லாக் குழந்தைகளையும் சேர்த்துப் பார்த்தால், முதல் குத்து தவறிப்போவது கருவியால் குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. ஆனால் 'இந்தக் குழந்தைக்கு ரத்தக்குழாய் கிடைப்பது கஷ்டம்' என்று முன்கூட்டியே தெரிந்த குழந்தைகளிடம் மட்டும் பார்த்தபோது, முதல் குத்து தவறுவது குறைந்திருந்தது.

அதாவது, ரத்தக்குழாய் நன்றாகத் தெரிகிறவர்களுக்குக் கருவி பெரிதாக எதையும் கூட்டித் தருவதில்லை. பழகிய மிசியின் விரல் நுனியே போதும். தேடித் தேடியும் கிடைக்காதவர்களுக்குத்தான் அது உதவும்.

இடம் காட்டும், ஆழம் காட்டாது

கருவியின் குறை என்ன என்பதைப் பால்மரக் காட்டில் வேலை செய்தவர்கள் சட்டென்று புரிந்துகொள்வார்கள்.

பால்வெட்டில், மரத்தின் மேல் கோடு எங்கே போக வேண்டும் என்று தெரிவது பாதி வேலைதான். கத்தி எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும் என்பதுதான் மீதிப் பாதி. மேலோட்டமாக வெட்டினால் பால் இறங்காது. கொஞ்சம் ஆழமாகப் போய்விட்டால் மரத்தில் காயம் பட்டு, புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பால் அதிகம் இருப்பது பட்டையின் உள்பக்கத்தில், மரக்கட்டையை ஒட்டி. அந்த இடைவெளி ஒரு மில்லிமீட்டர் கணக்கு. அதைக் கோடு சொல்லாது, கைதான் சொல்லும்.

தோலின் மேல் விழும் படமும் அந்தக் கோடு மாதிரிதான். உள்ளே முப்பரிமாணத்தில் ஓடும் ரத்தக்குழாயை அது தட்டையான படமாகத் தோல்மேல் காட்டுகிறது. 2 மில்லிமீட்டர் ஆழத்தில் இருப்பதும் 6 மில்லிமீட்டர் ஆழத்தில் இருப்பதும் கோடாகத்தான் தெரியும். சுமார் 1 சென்டிமீட்டருக்குக் கீழே இருப்பது தெரியவே தெரியாது. கோடு தெரிகிறது என்பதால் அந்தக் குழாய் ஊசி ஏற்றத் தகுந்தது என்றும் சொல்ல முடியாது. அது தழும்பேறி இறுகிப் போயிருக்கலாம், தொட்டால் நழுவி ஓடலாம்.

இன்னொன்று, கருவியைப் பிடிக்கும் விதம். தோலுக்கு நேர் மேலே, நடுவில் ரத்தக்குழாய் வரும்படி, சொல்லப்பட்ட உயரத்தில் பிடிக்க வேண்டும். சாய்த்துப் பிடித்தால் படம் ஒரு பக்கமாக நகர்ந்துவிடும். நகர்வு ஓரிரு மில்லிமீட்டர்தான் இருக்கும். ஆனால் ஊசி தவறிப்போக அதுவே போதும்.

அதனால்தான் நன்றாகப் பயிற்சி பெற்றவர்கள் படத்தைப் பார்த்த பிறகும் விரலால் ஒரு தடவை அழுத்திப் பார்ப்பார்கள். ஆழத்தில் இருக்கும் குழாயைத்தான் தேட வேண்டும் என்றால் அகச்சிவப்புக் கருவியைவிட அல்ட்ராசவுண்ட் பொருத்தம். அது ஆழத்தையும் அளந்து காட்டும்.

அறுவை சிகிச்சை அறையில் இதே கேள்வி

ஊசியில் தவறினால் ஒரு நீலத் தடிப்பு, கொஞ்சம் வலி. மறுபடி குத்தலாம். அறுவை சிகிச்சையில் அப்படியில்லை. அங்கே படம் எவ்வளவு சரி என்ற கேள்வி உயிர் சம்பந்தப்பட்டது.

இதைப் புரிந்துகொள்ள ஒரு வித்தியாசத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்: காட்டப்படும் படம் எப்போது எடுத்தது?

முதல் வகை, முன்பே எடுத்த படம். அறுவை சிகிச்சைக்கு முன் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்து, அதைக் கணினியில் முப்பரிமாண உருவமாக்கி, அறுவை சிகிச்சையின்போது உடம்பின் மேல் பொருத்துகிறார்கள். இதில் எல்லாமே பொருத்தத்தைப் பொறுத்தது. ஸ்கேனில் இருக்கும் எலும்பும் மேசையில் படுத்திருக்கும் நோயாளியின் எலும்பும் ஒன்றோடொன்று சரியாக ஒத்துப்போக வேண்டும்.

எலும்புக்கு இது சரிப்பட்டு வரும். எலும்பு நெளியாது. அதனால்தான் இந்தத் தொழில்நுட்பம் முதுகெலும்பில் சீக்கிரமே கால் பதித்தது. 2020 ஜூன் 8ஆம் தேதி, அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் டாக்டர் டிமோதி விதம் குழுவினர், தலையில் மாட்டும் ஆக்மென்டட் ரியாலிட்டிக் கண்ணாடியோடு ஒரு நோயாளியின் முதுகெலும்பில் 6 திருகாணிகளைப் பொருத்தினார்கள். முதுகுத் தண்டு பக்கத்திலேயே ஓடும் இடம் அது. ஆக்மெடிக்ஸ் நிறுவனத்தின் அந்தக் கண்ணாடிக்கு 2019 டிசம்பரில்தான் அமெரிக்க அனுமதி கிடைத்திருந்தது.

வயிற்றுக்குள் இருக்கும் உறுப்புகளின் கதை வேறு. ஜப்பானில் மாகி சுகிமோட்டோ குழுவினர், ஸ்கேனிலிருந்து உருவாக்கிய படத்தைப் புரொஜெக்டர் மூலம் நோயாளியின் வயிற்றின் மேல் விழச் செய்த அனுபவத்தை 2010இல் வெளியிட்டார்கள். எங்கே கீறலாம், உள்ளே எது எங்கே இருக்கிறது என்று திட்டமிட அது உதவும். ஆனால் வயிற்றைத் திறந்த பிறகு நிலைமை மாறிவிடும். கல்லீரல் மெத்தென்ற உறுப்பு. மூச்சு விடும்போதெல்லாம் மேலும் கீழும் நகரும். கையால் தூக்கினால் வளையும், வெட்டினால் வடிவமே மாறும். நேற்று எடுத்த ஸ்கேன் நேற்றைய கல்லீரலைத்தான் காட்டும்.

கல்லீரலையே ஒளிர வைக்கும் முறை

இதற்கு மாற்று இரண்டாவது வகை: இந்த நொடியில் எடுக்கும் படம். ரத்தக்குழாய் காட்டும் கருவியின் அதே தத்துவம்தான்.

இண்டோசயனின் கிரீன் என்று ஒரு சாயம் இருக்கிறது. 1950களிலிருந்து மருத்துவத்தில் பயன்படுகிறது. ரத்தத்தில் ஏற்றினால் கல்லீரல் அதை எடுத்துப் பித்தத்தோடு வெளியேற்றிவிடும். அகச்சிவப்பு ஒளி பட்டால் இந்தச் சாயம் தானும் அகச்சிவப்பில் ஒளிரும். கல்லீரலில் கட்டி இருக்கும் ஒரு பகுதியை மட்டும் வெட்டி எடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பகுதிக்குப் போகும் ரத்தக்குழாயைக் கட்டிவிட்டுச் சாயத்தை ஏற்றினால், ரத்தம் ஓடும் பகுதி ஒளிரும், வெட்ட வேண்டிய பகுதி இருட்டாக இருக்கும். எல்லைக்கோடு தானாகவே தெரிந்துவிடும்.

பழைய முறையில் இதைப் பார்க்க அறுவை அறையின் விளக்கைக் குறைத்துவிட்டு, தனித் திரையைப் பார்க்க வேண்டும். மறுபடியும் படம் ஓரிடம், உடம்பு ஓரிடம். ஜப்பானின் கியோத்தோ பல்கலைக்கழகமும் பானசோனிக் நிறுவனமும் சேர்ந்து இதற்கு ஒரு புரொஜெக்டர் முறையை உருவாக்கின. சாயம் ஒளிரும் இடத்தைக் கேமரா பிடித்து, அதையே வண்ண வெளிச்சமாகக் கல்லீரலின் மேல் வீசுகிறது. கல்லீரல் நகர்ந்தால் வெளிச்சமும் நகரும், வடிவம் மாறினால் வெளிச்சத்தின் வடிவமும் மாறும். மருத்துவர் தலையைத் திருப்பாமல் எல்லைக்கோட்டைப் பார்த்தபடியே வெட்டலாம். 2018இல் இதன் முடிவுகள் மருத்துவ இதழில் வெளிவந்தன.

இதற்கும் எல்லை உண்டு. சாயத்தின் ஒளி மேற்பரப்பிலிருந்து கொஞ்ச ஆழம்வரைதான் தெரியும். கல்லீரலின் உள்ளே புதைந்திருக்கும் கட்டியை அது காட்டாது. ஆக, ஒரு முறை ஆழத்தைக் காட்டும், ஆனால் நேரம் தவறும். இன்னொரு முறை நேரம் தவறாது, ஆனால் ஆழத்தைக் காட்டாது. இரண்டையும் ஒன்றுசேர்க்கத்தான் உலகெங்கும் ஆய்வுகள் நடக்கின்றன.

வெளிச்சமே கண்ணை மறைக்குமா?

இன்னோர் ஆபத்து கருவியில் இல்லை, நம் மனத்தில் இருக்கிறது. 2013இல் கனடாவின் டொரோன்டோவில் நடந்த ஓர் ஆய்வில், அறுவை மருத்துவர்களை இரண்டு குழுவாகப் பிரித்து, மூக்கு வழியாக உள்நோக்கி விட்டு ஓர் இலக்கைக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். ஒரு குழுவுக்கு ஆக்மென்டட் ரியாலிட்டிப் படம் உதவியது. அந்தக் குழு இலக்கை இன்னும் துல்லியமாகக் கண்டுபிடித்தது.

ஆனால் பாதையில் வேண்டுமென்றே ஒரு ஆபத்தையும், அங்கே இருக்கக்கூடாத ஒரு பொருளையும் வைத்திருந்தார்கள். அவற்றைக் கவனித்தவர்கள் படத்தின் உதவி பெற்ற குழுவில் குறைவாக இருந்தார்கள். கோட்டையே பார்த்துக்கொண்டிருந்ததில் கோட்டுக்குப் பக்கத்தில் இருந்தது கண்ணில் படவில்லை.

'வேஸ்' பார்த்துக்கொண்டே வண்டி ஓட்டி, எதிரே சாலை மூடியிருப்பதைக் கடைசி நிமிடத்தில் பார்த்து பிரேக் போட்டவர்களுக்கு இது புரியும்.

சிலிம் ரிவரில் இருப்பவருக்கு இதனால் என்ன?

சிலிம் ரிவர், துரோலாக், தஞ்சோங் மாலிம் பக்கம் இருப்பவர்களுக்கு அறுவை அறையின் ஆக்மென்டட் ரியாலிட்டிக் கண்ணாடி தூரத்து விஷயம். சிலிம் ரிவரில் அரசு மருத்துவமனை இருக்கிறது. ஆனால் கல்லீரல், முதுகெலும்பு மாதிரிப் பெரிய அறுவை சிகிச்சை என்றால் ஈப்போவுக்கோ, செலாயாங், கோலாலம்பூர் பக்கமோ போக வேண்டி வரும்.

ஊசி அப்படி இல்லை. அது எல்லா ஊரிலும், கெசிஹாத்தான் கிளினிக்கிலும் தினமும் நடப்பது. அதிலும் நம் சமூகத்துக்கு ஒரு தனிக் காரணம் உண்டு. 2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. எல்லா இனத்திலும் அதுவே அதிகம்.

நீரிழிவு முற்றினால் சிறுநீரகம் கெட வாய்ப்பு அதிகம். நாட்டில் 50,000க்கும் மேற்பட்டோர் டயாலிசிஸ் செய்துகொள்கிறார்கள். டயாலிசிஸ் தொடங்கும் முன், கையில் ஒரு தமனியையும் ஒரு சிரையையும் இணைத்து 'ஃபிஸ்டுலா' என்ற வழியை உருவாக்குவார்கள். அதற்கு நல்ல ரத்தக்குழாய் வேண்டும். பல வருஷமாக ஊசி குத்திக் குத்தி அந்தக் குழாய்களைக் கெடுத்துவிட்டால், தேவைப்படும் நேரத்தில் கையில் இடமிருக்காது. ஆகவே ஒவ்வொரு தவறிய குத்துக்கும், வலியைத் தாண்டி, ஒரு விலை இருக்கிறது. ரத்தக்குழாய் காட்டும் கருவி உண்மையில் யாருக்குத் தேவை என்றால், இப்படிப்பட்டவர்களுக்குத்தான்.

நீங்கள் என்ன செய்யலாம்?

கருவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் நோயாளி செய்யக்கூடியவை சில உண்டு.

முதலிலேயே சொல்லுங்கள். "எனக்கு நரம்பு கிடைக்கிறது கஷ்டம், போன தடவை இந்த இடத்துலதான் கிடைச்சது" என்று காட்டுங்கள். மூன்று குத்துக்குப் பிறகு சொல்வதைவிட முன்னாலேயே சொல்வது நல்லது.

உடம்பில் நீர் வற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சாப்பிடாமல் வரச் சொல்லும் ரத்தப் பரிசோதனைகளில் பெரும்பாலும் வெறும் தண்ணீர் குடிக்கத் தடை இருக்காது. முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அறுவை சிகிச்சைக்கு முன்பும், மருத்துவர் தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லியிருந்தாலும், அவர் சொன்னபடியே நடக்க வேண்டும்.

கையைச் சூடாக வைத்திருங்கள். குளிர்சாதன அறையில் ரொம்ப நேரம் காத்திருந்தால் ரத்தக்குழாய் சுருங்கிவிடும். கையைக் கொஞ்ச நேரம் கீழே தொங்கப் போடுவதும் உதவும்.

சிறுநீரகப் பிரச்சினை இருந்தால், எந்தக் கையைக் காப்பாற்ற வேண்டும் என்று உங்கள் மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பொதுவாக அதிகம் பயன்படுத்தாத கையின் குழாய்களைக் காப்பாற்றி, தேவைப்பட்டால் புறங்கையில் ரத்தம் எடுக்கச் சொல்வார்கள். ஃபிஸ்டுலா இருக்கும் கையில் ஊசி குத்தவோ ரத்த அழுத்தம் பார்க்கவோ விடாதீர்கள். "இந்தக் கை வேணாம் மிசி" என்று சொல்வது உங்கள் உரிமை.

இரண்டு தடவை தவறிவிட்டால், அனுபவமுள்ள இன்னொருவரைக் கூப்பிட முடியுமா, கருவியோ அல்ட்ராசவுண்டோ இருக்கிறதா என்று பணிவாகக் கேட்பதில் தப்பில்லை.

கருவியைப் பயன்படுத்தும்போது கையை ஆட்டாதீர்கள். வெளிச்சம் வரும் துளையை நேராக உற்றுப் பார்க்க வேண்டாம். சில கருவிகள் லேசர் ஒளியில் வேலை செய்பவை. குழந்தைகள் எட்டிப் பார்க்க ஆசைப்படுவார்கள், கொஞ்சம் கவனம் தேவை.

அந்தக் காலத்து எஸ்டேட் டிரெஸர் கருவி எதுவும் இல்லாமல், விரல் நுனியால் தடவிப் பார்த்தே குழாயைக் கண்டுபிடித்தார். இன்றைய மிசிக்கு ஒளியும் துணைக்கு வந்திருக்கிறது. எங்கே தேட வேண்டும் என்பதை அது காட்டும். அங்கே உண்மையிலேயே குழாய் இருக்கிறதா, எவ்வளவு ஆழம் போகலாம் என்பதை இன்னமும் ஒரு மனிதரின் விரல்தான் உறுதி செய்கிறது. உங்கள் கையில் வெளிச்சம் விழுந்த பிறகும் மிசி ஒரு தடவை தொட்டுப் பார்த்தால், அவர் கருவி தெரியாதவர் என்று நினைக்க வேண்டாம். கருவியை நன்றாகத் தெரிந்தவர் என்றுதான் அர்த்தம்.